தாளும் சரக்கும்

களியக்காவிளைக்காரனுக்கு மதிப்பீடு என்கிற விவகாரம் முதலில் புத்தகத்திலிருந்து தெரியவருவதில்லை. சோதனைச் சாவடியிலிருந்து தெரியவருகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் சேர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் ஊர் ஒரு எல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகளை இல்லாமல் ஆக்கும்வரை, இங்கே ஒன்றும் அங்கே அமரவிளையில் ஒன்றுமாக லாரிகள் நின்று நின்று போயின. சிறுவனாக அதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். எந்த லாரியிலிருந்தும் யாரும் சரக்கை இறக்கிப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. தார்ப்பாய்க்கு வெளியே டிரைவர் நீட்டும் தாளைத்தான் பார்த்தார்கள். ராத்திரி முழுக்க வரும் வண்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி ஏற்ற எந்த ராஜ்யத்தாலும் முடியாது. ஆகவே தாள் சரக்கின் பிரதிநிதி ஆயிற்று. நாளாவட்டத்தில் தாளைச் சுத்தமாக எழுதத் தெரிந்தவன் என்று ஒரு ஜாதி உண்டாயிற்று. நல்ல நேந்திரங்குலை ஏற்றி வந்து, பில்லில் ஒரு எண் பிசகியதால் விடியும்வரை ஓரங்கட்டி நின்றவனையும், உள்ளே என்ன இருந்ததோ, தாள் வழுவழுவென்று இருந்ததால் பீடியை அணைக்காமலே கடந்து போனவனையும் பார்த்திருக்கிறேன். அப்போது அதை அநியாயம் என்று நினைத்தேன். வயதான பிறகு தவிர்க்க முடியாதது என்று பட்டது. இப்போது இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

இது இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம் தேன்.

சென்னையிலிருக்கும் நண்பர் ஒருவர், கவிஞர், டாக்டர் சொல்லிச் சர்க்கரையை விட்டவர், மார்த்தாண்டம் தேன் வாங்க ஆசைப்பட்டிருக்கிறார். பக்கத்து ஊர்க்காரனான என்னைக் கேட்பதை விட்டுவிட்டு கூகிளைக் கேட்டார். முதலில் வந்த பக்கத்தை நம்பி, அதில் முதலாவதாகச் சிபாரிசு செய்யப்பட்ட பாட்டிலை வாங்கி, அதன் பிறகு எனக்குப் போன் செய்தார். மணமே இல்லை என்றார். அந்தப் பக்கத்தை எனக்கு வாசித்தும் காட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அபூர்வ மலர்களிலிருந்து தேனீக்கள் சேகரித்த அமுதம் என்று அதில் இருந்தது. நான் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதே இல்லை. ரப்பர் மரம் தை மாசியில் பழைய இலையை உதிர்த்துத் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் காம்போடு சேர்கிற இடத்தில் சுரப்பிகள் கசியும். தேனீ அங்கேதான் போகிறது. மலரே இல்லாத தேன். இதை ஒரு தேன் பெட்டிக்காரன் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடுவான். சொல்லவும் செய்கிறான், ஆனால் அவன் சொல்வது ஒன்பதாவது பக்கத்தில் கிடக்கிறது.

போனை வைத்துவிட்டு நானும் தேடிப் பார்த்தேன். மேலே வந்தவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. சிறந்த பத்துத் தேன்கள். தலைப்பில் நடப்பு வருஷம். முதல் பாராவில் தேன் என்ற சொல் ஏழு தடவை. அப்புறம் ஒரு அட்டவணை, நட்சத்திரங்கள், நிறை, குறை, ஒவ்வொன்றுக்கும் கீழே வாங்குவதற்கு ஒரு பொத்தான். கடைசியில் சுத்தமான தேனைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு பகுதி. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போகும், தீக்குச்சியை நனைத்தால் எரியும், உறைந்துபோனால் கலப்படம். இந்த மூன்றும் எதையும் நிரூபிப்பதில்லை. கெட்டியான பாகும் அடியில்தான் போகும். உறைவதோ நல்ல தேனின் இயல்பு. ரப்பர் தேன் சீக்கிரமே உறையும். அதாவது அந்தப் பக்கத்தின் உபதேசப்படி நடந்தால், கையிலிருக்கும் அசலை நாம் கொட்டிவிடுவோம். ஒரே தவறு ஏழு பக்கங்களில் ஒரே வரிசையில் இருந்தது. ஏழு பேரில் ஒருவரும் தேனைத் திறந்து பார்த்திருக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இவற்றுக்குத் தொழிலில் அஃபிலியேட் என்று பெயர். தரகு என்ற பழைய சொல் போதும். பொத்தானை அழுத்தி நீங்கள் எதையாவது வாங்கினால் பக்கத்தை வைத்திருப்பவனுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று கடைக்காரன் கொடுப்பான். அமேசான் 1996லேயே இதைத் தொடங்கிவிட்டது. தரகு இழிவான தொழில் என்று நான் சொல்ல வரவில்லை. சந்தையில் குலைக்கு விலை பேசித் தரும் தரகன் குலையைத் தட்டிப் பார்க்கிறான், காம்பை முகர்கிறான், அடுத்த வாரமும் அதே திண்ணையில் உட்கார வேண்டுமே என்ற பயம் அவனுக்கு உண்டு. இந்தப் புதிய தரகனுக்கு முகரவும் வேண்டாம், திண்ணையும் இல்லை.

இந்தச் சந்தேகம் எனக்கு மட்டும் வந்ததல்ல. ஜெர்மனியில் லைப்சிக், வைமார் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், பொருள்களைப் பற்றிய விமர்சனம் தேடுகிற 7,392 கேள்விகளை வைத்துக்கொண்டு, கூகிளையும் வேறு இரண்டு தேடுபொறிகளையும் ஒரு வருஷம் கண்காணித்து 2024ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேலே வருகிற பக்கங்கள் சராசரியில் தேடுபொறிக்கென்று கூடுதலாகச் செதுக்கப்பட்டவை, தரகுப் பொத்தான்கள் கூடுதலாக உள்ளவை, எழுத்தின் தரத்தில் தாழ்ந்த அடையாளங்கள் கொண்டவை என்று கண்டார்கள். இணையத்திலுள்ள விமர்சனப் பக்கங்களில் தரகுப் பக்கங்கள் சிறு பகுதிதான். தேடி வருகிற முடிவுகளில் பெரும் பகுதி. கூகிள் அவ்வப்போது செய்யும் திருத்தம் கொஞ்ச காலம் பலிக்கிறது, பிறகு பழையபடி என்பதும் அவர்கள் கண்டதுதான். 2011ல் பாண்டா, 2012ல் பெங்குவின் என்று மிருகங்களின் பெயரில் திருத்தங்கள் வந்தன. 2022லும் 2024லும் பெயரில் மிருகமில்லாமல் வந்தன. மிருகங்களை ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை.

ஏன் இப்படி? சிறுபத்திரிகைக்காரனான எனக்குக் கைவசம் ஒரு பதில் தயாராக இருந்தது. அரை நூற்றாண்டாகச் சொல்லிவரும் பதில். ஜனங்களின் ரசனை மட்டமானது, பெரும் பத்திரிகைகள் அதற்குத் தீனி போடுகின்றன, லட்சக்கணக்கில் விற்பது மட்டமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பதில் இங்கே செல்லாது. என் நண்பருக்கு மட்டமான தேன் வேண்டியிருக்கவில்லை. நல்லது வேண்டும் என்றுதான் தேடினார். பத்துப் பேரில் பத்துப் பேரும் நல்லதைத் தேடுகிறார்கள். தேடித் தரும் யந்திரத்தைச் செய்தவர்களும், அவர்கள் கணக்கிலும், நல்லதையே தர விரும்புகிறார்கள். இருந்தும் இடையில் மட்டமானது வந்து உட்கார்ந்துகொள்கிறது. ரசனையைக் குறைசொல்லித் தப்பிக்க முடியாத ஒரு சந்தர்ப்பம் இது. அதனாலேயே யோசிக்கத் தகுந்தது.

இந்தப் பக்கங்களை எழுதுகிறவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். என் அக்காள் மகன். இஞ்சினீயரிங் முடித்துவிட்டு, எங்கள் வீட்டு மாடி அறையில், ஒரு மடிக்கணினியும் ஒரு ஃபேனுமாக நாலு வருஷமாய் இந்த வேலைதான் செய்கிறான். டெல்லிக்காரர்களுக்குக் காற்றைச் சுத்தப்படுத்தும் யந்திரம், பம்பாய்க்காரர்களுக்குத் தொட்டில், யாரோ ஒருவருக்குச் சப்பாத்தி இடும் மெஷின். ஒன்றையும் தொட்டுப் பார்த்ததில்லை. பதினாலு வயதில் அவனுக்குப் புதுமைப்பித்தனைக் கொடுத்தது நான்தான். அவன் வாக்கியம் இன்றைக்கும் என் நண்பர்கள் பலருடைய வாக்கியத்தைவிடச் சுத்தமாக இருக்கும். தேன் பக்கத்தைக் காட்டி, இதை எழுதியவன் எப்பேர்ப்பட்ட அயோக்கியன் என்று கேட்டேன். அவன் கொஞ்சம் பார்த்துவிட்டு, நல்ல வேலை மாமா, தலைப்பு சரியா வச்சிருக்கான் என்றான்.

அவன் எனக்கு விளக்கியதையும் நானாக வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். தேடுபொறி பக்கத்தைச் சுவைப்பதில்லை. அதற்கு நாக்கு இல்லை. கேட்கப்பட்ட சொற்கள் எங்கே இருக்கின்றன, தலைப்பிலா, நடுவிலா; எந்தெந்தப் பக்கங்கள் இதைச் சுட்டுகின்றன, சுட்டுகிறவை எத்தனை கனமானவை; தளம் பழையதா, பெயர் பெற்றதா; இப்படி அடையாளங்களைப் பார்க்கிறது. ஜனங்கள் எதை அழுத்தினார்கள் என்பதும் சேர்கிறது என்று, அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 2023ல் கூகிள் தரப்பிலேயே சாட்சியம் வந்தது. ஒவ்வொரு அடையாளமும் ஒரு காலத்தில் நாணயமானதுதான். லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டிலிருந்து 1998ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது மாதிரியாக எடுத்துக்கொண்டது ஆராய்ச்சி உலகத்தை. ஒரு கட்டுரையைப் பல கட்டுரைகள் மேற்கோள் காட்டினால் அதில் ஏதோ இருக்கிறது. மேற்கோள் காட்டுகிறவனும் பெரியவனாக இருந்தால் இன்னும் விசேஷம். இணைப்பு ஒரு ஓட்டு. யாருக்கும் தெரியாமல் போடப்பட்ட ஓட்டாக இருந்தவரை அது உண்மையையே சொல்லிற்று. ஓட்டு எண்ணப்படுகிறது என்று தெரிந்த அன்றைக்கே அதை விற்கவும் வாங்கவும் ஆள் வந்தாயிற்று. சார்லஸ் குட்ஹார்ட் என்ற ஆங்கிலேயப் பொருளாதாரவாதி 1975லேயே, பணப்புழக்கத்தைப் பற்றிப் பேசும்போது, இதன் சாரத்தைச் சொல்லியிருக்கிறார்: எந்த அளவுகோலைக் கட்டுப்பாட்டுக்காகப் பிடிக்கிறோமோ அது பிடித்த மாத்திரத்தில் அளவுகோலாக இல்லாமல் போகிறது.

அதே 1998ஆம் வருஷக் கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பர வருமானத்தில் நடக்கும் தேடுபொறி வாசகனை விட்டு விளம்பரதாரன் பக்கம் சாயத்தான் செய்யும் என்று பிரின்னும் பேஜும் எச்சரித்திருக்கிறார்கள். 2000த்தில் அவர்களே விளம்பரம் விற்க ஆரம்பித்தார்கள். இதைச் சுட்டிக்காட்டி அவர்கள் நோக்கம் கெட்டுவிட்டது என்று முடித்துவிடலாம். சுலபமான முடிவு. நோக்கம் கெடாமல் இருந்தாலும் இது நடக்கும் என்பதுதான் என் எண்ணம். கணக்கு மிகச் சாதாரணம். இரண்டு பேருக்குத் தலைக்கு நூறு மணி நேரம் இருக்கிறது. ஒருவன் பன்னிரண்டு தேன்களை வாங்கி, தோப்புக்குப் போய், பெட்டியைத் திறந்து பார்த்து, கொட்டும் வாங்கி, தொண்ணூறு மணியைத் தேனில் செலவிட்டு மிச்சம் பத்தில் பக்கத்தை எழுதுகிறான். மற்றவன் நூறையும் பக்கத்தில் செலவிடுகிறான். நீதிபதி பார்ப்பது பக்கத்தை மட்டும். யார் ஜெயிப்பார்? இதில் சூழ்ச்சி ஒன்றும் தேவையில்லை. சரக்கைச் செய்பவனைவிட அடையாளத்தைச் செய்பவனுக்கு அடையாளத்துக்கு எப்போதும் நேரம் கூடுதலாக இருக்கும். எப்போதும் அவனே ஜெயிப்பான் என்பதில்லை. சிலசமயம் தொண்ணூறு மணியின் கனம் எழுத்தில் எப்படியோ இறங்கிவிடுகிறது, யந்திரமும் அதைத் தற்செயலாகப் பிடித்துவிடுகிறது. அந்தத் தற்செயலை நம்பித்தான் நாமெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

தேனிலேயே இது அப்பட்டமாக நடந்திருக்கிறது. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் விற்கும் பதின்மூன்று தேன் வகைகளைச் சோதித்துப் பார்த்தது. இந்தியச் சட்டம் கேட்கும் சோதனைகளில் பெரிய பெயர்கள் அநேகமாகத் தேறின. ஜெர்மனியில் ஒரு சோதனைச்சாலையில் காந்த அதிர்வு முறையில் பார்த்தபோது தேறியவை மூன்று. கம்பெனிகள் இதை மறுத்தன. அது அவர்கள் உரிமை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கரும்புச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வந்தது, மக்காச்சோளப் பாகைக் கண்டுபிடிக்க வந்தது, அரிசிப் பாகுக்கு வந்தது. இத்தனை சோதனைகளிலும் அகப்படாமல் தப்புவதற்கென்றே ஒரு பாகு தயாரிக்கப்பட்டு, அந்தக் குணத்தைச் சொல்லியே விற்கப்பட்டது. மையம் அதை வாங்கித் தேனில் சரிபாதி கலந்து அனுப்பியது. சட்டத்தின் சோதனைகளில் தேறிற்று. எந்த மலரிலிருந்தும் இலையிலிருந்தும் வராத ஒரு திரவம், சோதனையிலிருந்தே வந்த திரவம். சோதனைதான் அதன் தோட்டம். தரகுப் பக்கமும் அப்படித்தான், தேடுபொறி என்ற தோட்டத்தில் விளைந்தது. அதில் தேனின் ருசி இல்லையே என்று கேட்பது கேள்வியே அல்ல.

அப்படியானால் அதை எழுதுகிறவன் பொய்யனா? அக்காள் மகனோடு இதைப் பற்றி ராத்திரி வெகுநேரம் பேசினேன். பொய் சொல்கிறாயே என்றதற்கு, எது பொய் காட்டுங்க மாமா என்றான். காட்ட முடியவில்லை. தண்ணீர்ச் சோதனை தப்பு என்றேன். சரி மாற்றிவிடுகிறேன் என்று சொல்லி உடனே மாற்றினான். அவனுக்கு அதில் பிடிவாதமே கிடையாது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தச் சுலபம்தான். பொய்யனுக்கு உண்மை எது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதை மறைக்க அவன் அதைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விதத்தில் உண்மைக்கு அவன் மரியாதை செய்கிறான். உண்மையா இல்லையா என்பதே பொருட்டில்லாமல் பேசுகிறவன் வேறு ரகம். ஹாரி ஃப்ராங்ஃபர்ட் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1986ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, பொய்யைவிடப் பம்மாத்தே உண்மைக்குப் பெரிய எதிரி என்று வாதிட்டிருக்கிறார். ஃப்ராங்ஃபர்ட் மனிதர்களைப் பற்றிச் சொன்னார். ஆனால் என் மருமகன் பம்மாத்துக்காரனல்ல. நல்ல பையன். சந்தையில் எடைக்கல்லில் ஏமாற்றுகிறவனைக் கண்டால் சண்டைக்குப் போவான். அவன் எழுத்து மட்டும் பம்மாத்து. எழுதுகிறவனுக்கும் எழுத்துக்கும் நடுவே இத்தனை சுத்தமான ஒரு சுவர் எழும்ப முடியும் என்பது எனக்குப் புதிய சமாசாரம். வாசகனை உத்தேசித்து எழுதாதபோது மனச்சாட்சிக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது போலும். யாரிடம் பொய் சொல்வது? யந்திரத்திடமா?

இதுவரை வாசித்த நண்பர்கள் சௌகரியமாகத் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் என்னையும் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது.

இணைப்பு ஒரு ஓட்டு என்ற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. இருநூறு பேர் வாசிக்கும் ஒரு வட்டத்தில் யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள், யார் யாருக்கு முன்னுரை எழுதுகிறார்கள், எந்தக் கட்டுரையில் எந்தப் பெயர்கள் எந்த வரிசையில் அடுக்கப்படுகின்றன என்பதை வைத்து ஒருவனுடைய ஸ்தானத்தை நிர்ணயித்துக்கொண்டவர்கள் நாம். நான் ஒரு கட்டுரையில் ஒரு நண்பரின் பெயரைச் சேர்த்திருக்கிறேன். அவருடைய தொகுப்பை அப்போது பாதிதான் வாசித்திருந்தேன். அவர் அடுத்த இதழில் என் பெயரைச் சேர்த்தார். அவர் எவ்வளவு வாசித்திருந்தாரோ. கவிதை எழுதுகிற நேரத்தைவிடக் கவிஞனாகத் தெரிகிற நேரம் கூடிப்போனவர்களை நமக்குள்ளேயே ஒரு ஜாபிதா போடலாம். பெயர் சொல்லமாட்டேன், அதுவும் ஒரு இணைப்பாகிவிடும்.

ஜாபிதா என்றதும் க.நா.சு. ஞாபகத்துக்கு வருவார். சிறந்த நாவல்கள், சிறந்த சிறுகதைகள் என்று சளைக்காமல் பட்டியல் போட்டவர். பட்டியல் விமர்சனமாகாது என்று அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. இன்றைக்கு இந்தச் சிறந்த பத்துகளுக்கு நடுவே நின்று பார்க்கும்போது அவருடைய பட்டியலுக்கும் இதற்கும் உள்ள தூரம் தெரிகிறது. அவர் வாசித்திருந்தார். அவர் சொன்னது தப்பாக இருக்கலாம், இருந்தும் இருக்கிறது; ஆனால் அது ஒரு நாக்கின் தப்பு. அந்த நாக்கோடு சண்டை போட முடிந்தது. சண்டை போட்டுப் போட்டுத்தான் பலருக்குச் சொந்த நாக்கு முளைத்தது. ஒரு யந்திரம் அடுக்கிய பட்டியலோடு யார் போய்ச் சண்டை போடுவது? அது நாளைக்கே வேறு மாதிரி அடுக்கும். ஏன் என்று கேட்டால் சொல்லாது, சொன்னால் அந்தக் காரணத்தையே ஒருவன் தயாரித்து விற்பான் என்பதால் சொல்லவும் முடியாது. காரணத்தை மறைத்து வைத்தால்தான் செல்லுபடியாகும் மதிப்பீடு என்பது எவ்வளவு விநோதமான மதிப்பீடு! விமர்சனத்தின் ஜீவனே காரணம் சொல்வதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பெயரின் கதி இன்னும் மோசம். நியூயார்க்கிலிருந்து தி ஹேர்பின் என்ற ஒரு பெண்கள் இணைய இதழ் 2010லிருந்து வந்துகொண்டிருந்தது. நல்ல எழுத்துக்குப் பெயர் வாங்கி 2018ல் நின்றது. நின்ற பத்திரிகையின் முகவரியை வேறொருவர் வாங்கி, அதே பெயரின் கீழ் யந்திரம் எழுதிய குப்பையை நிரப்பினார் என்று 2024 ஜனவரியில் செய்தி வந்தது. எட்டு வருஷத்தில் எழுதியவர்கள் சேர்த்துவைத்த இணைப்புகளும் மதிப்பும் இடுகாட்டிலிருந்து எடுத்த சட்டை மாதிரி இன்னொருவன் உடம்பில் ஏறிற்று. நம்முடைய நின்றுபோன பத்திரிகைகளின் பெயர்களை எண்ணிப் பார்த்தேன். அவற்றை வாங்க யாரும் வரமாட்டார்கள் என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. மறுகணம் அந்த நிம்மதி அவ்வளவு நன்றாக இல்லை.

சி.சு. செல்லப்பா 1959ல் எழுத்து தொடங்கியபோது இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். பலர் இதை வீம்பு என்றார்கள். அந்த இரண்டாயிரத்தையே எட்ட முடியாத பத்திரிகை இப்படி அறிவிப்பது வேடிக்கையாகவும் இருந்திருக்கும். எனக்கு அதன் அர்த்தம் போன சித்திரையில், குழித்துறைக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் வைத்துத்தான் பிடிபட்டது.

நண்பருக்கு அனுப்புவதற்காகத் தேன் வாங்கப் போயிருந்தேன். நாற்பது பெட்டிகள் வைத்திருக்கிற பழைய ஆள். எங்கள் பக்கத்தில் இந்தத் தொழில் 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனருத்தாரண மையத்தை வைத்து மரப்பெட்டியைப் பழக்கியதில் தொடங்கியது. இவருடைய தாத்தா அந்தத் தலைமுறை. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து வைரஸ் வந்து புழுக்கள் பையாக அழுகிப் பெட்டிகள் ஒட்டுமொத்தமாய்க் காலியானபோது விட்டுவிட்டு, மறுபடி ஆரம்பித்தவர். பெட்டியைத் திறந்து, ஒரு சட்டத்தைத் தூக்கி வெயிலில் பிடித்து, அடை எவ்வளவு மூடியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்ப இறக்கினார். இன்னும் முற்றவில்லை என்றார். மேலே வருகிற பக்கங்களைப் பற்றி, அவருடைய தேன் ஏன் யாருக்கும் தெரியாமல் இருக்கிறது என்பதைப் பற்றி, நான் ஆவேசமாகப் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

“சாரே, எனக்க தேனு மேடத்துக்குள்ள தீந்துபோவும். பின்ன ஆளு வந்து கேட்டா நான் எதைக் குடுப்பேன்?”

மேடம் என்றால் சித்திரை. இங்கே இன்னும் சிலருக்கு மலையாள மாசம்தான். அவருக்கு விற்க இருப்பது இத்தனை டின் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கு மேல் வருகிற வாசகன் அவருக்குத் தொந்தரவு. பாகு விற்பவனுக்கும் பொத்தான் வைத்திருப்பவனுக்கும் அப்படி ஒரு முடிவே கிடையாது. லட்சமாவது ஆள் வந்தாலும் கமிஷன் உண்டு. ஆகவே வரிசையில் மேலே நிற்பதற்காக உயிரை விடும் காரணம் அவர்களுக்கு இருக்கிறது, இவருக்கு இல்லை. நல்லது பின்தங்குவதற்கு இந்தச் சுவாரஸ்யமில்லாத காரணத்தை நான் யோசித்ததேயில்லை. நல்லதுக்கு அளவு உண்டு. செல்லப்பா இரண்டாயிரம் என்று எழுதியபோது மனத்தில் இருந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று கிளம்பும்போது நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அந்த நினைப்பில் ஓட்டை விழுந்துவிட்டது. அவர் தேன் தீர்ந்துபோகும், சரி. என் நண்பருக்குக் கிடைத்தது? பெட்டிக்காரருக்கு வரிசையில் நிற்க வேண்டிய அவசியமில்லை என்பதால், நல்லதைத் தேடி வந்த ஒருவன் பாகைக் குடித்துக்கொண்டு இதுதான் தேன் என்று நினைப்பது நியாயமாகிவிடுமா? இரண்டு வருஷம் குடித்தபின் அசலைக் கொடுத்தால் அவன் துப்பிவிடுவான். தேன் தீரலாம், தேன் எப்படியிருக்கும் என்கிற அறிவு தீரும் சரக்கல்ல. அதற்கு இரண்டாயிரம் என்று வரம்பு கட்டியது சரியா என்று செல்லப்பாவிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது.

அதனால்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ரப்பர் இலைக் காம்பு, உறைதல், தண்ணீர்ச் சோதனையின் மூடத்தனம், வைரஸ், பெட்டிக்காரரின் கை, எல்லாம் வைத்து நாலு பக்கம் எழுதி அக்காள் மகனிடம் கொடுத்து இணையத்தில் போடச் சொன்னேன். போட்டான். ஒரு மாசம் கழித்துப் பார்த்தால் எங்கேயும் காணோம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவனுக்கே பாவமாகிவிட்டது.

“மாமா, நீங்க எழுதினது வாசிக்கியதுக்கு உள்ளது. இது தேடியதுக்கு உள்ள இடம்.”

ஒரு மணி நேரம் கொடுங்கள் என்றான். தலைப்பை மாற்றினான். சுத்தமான மார்த்தாண்டம் தேனை அறிய ஐந்து வழிகள். நான் நாலு வழிகூடச் சொல்லியிருக்கவில்லை. உபதலைப்புகள் வைத்தான். வைரஸ் பாராவை எடுத்துவிட்டான், அது சோகம் என்று. பெட்டிக்காரர் சட்டத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு இறக்கிய இடத்தை, அந்தக் கட்டுரையில் எனக்குத் திருப்தியாக வந்திருந்த ஒரே இடம், வெட்டினான். ரப்பர் இலைக் காம்பை விட்டுவைத்தான், ஒரு வாக்கியமாக. தன்னுடைய வேறு மூன்று தளங்களிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுத்தான்.

இப்போது அது முதல் பக்கத்தில் வருகிறது, ஆறாவதோ ஏழாவதோ. சென்னை நண்பர் போன வாரம் அதை வாசித்துவிட்டு, எழுதியவன் யார் என்று தெரியாமல், ஒருவழியாக விஷயம் தெரிந்த ஒருவன் எழுதியிருக்கிறான் என்று எனக்கு அனுப்பினார். கீழே ஒரு பொத்தான் இருந்தது. அது இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். மாடிக்குப் போய்க் கேட்டேன். அதை எடுத்துவிட்டால் இதைப் பராமரிக்கிற செலவு யார் தருவார்கள் என்று கேட்டான். பொத்தான் எந்தத் தேனுக்குப் போகிறது என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.